சான்றிதழ்க் கோவைக்குள் முடிந்துபோகும் ஓட்டம்: வன்னியின் இளம் வீரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரந்தனுக்கு அப்பால் ஒரு வீட்டில், அலுமாரியின் மேற்தட்டிலிருந்து இறக்கப்பட்ட பிளாஸ்ரிக் கோவையொன்றைச் சென்ற மாதம் புரட்டிப் பார்த்தேன். உள்ளே பதினெட்டுச் சான்றிதழ்கள், ஒவ்வொன்றும் லமினேற் செய்யப்பட்டிருந்தது. பெரும்பாலானவை வலய மட்டம், சில மாகாண மட்டம், ஒன்றே ஒன்று தேசிய மட்டம். பதினாறு வயதுப் பிரிவில் 400 மீற்றர் ஓட்டத்தில் மாகாணத்தையே திரும்பிப் பார்க்க வைத்த அந்த இளைஞர் இப்போது டிப்பர் ஓட்டுகிறார். தொழிலில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கடைசிச் சான்றிதழின் திகதிக்கும் டிப்பரின் சாவி கைக்கு வந்த நாளுக்கும் இடையில் என்ன நடந்தது என்று கேட்டபோது, அவரால் ஒரு சம்பவத்தையேனும் குறிப்பிட்டுச் சொல்ல முடியவில்லை. "ஒண்டும் நடக்கேல்லை சேர், அப்பிடியே விட்டுப் போச்சுது" என்றார்.

உடற்கல்வி ஆசிரியராக நான் இதுவரை கண்ட இழப்புகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவைதான். படிக்கும் காலத்து விளையாட்டிலிருந்து தொழில்முறைக்குப் போகும் பாதை நன்கு போடப்பட்ட அமெரிக்காவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே கல்லூரி என்றால் பல்கலைக்கழகம். நம்மிடமோ அது பெரும்பாலும் பாடசாலையின் பெயர்ப்பலகையில் உள்ள சொல். அங்கே கூடைப்பந்தாட்டத்திலும் அமெரிக்கப் பாணி உதைபந்தாட்டத்திலும் தொழில்முறைக் கழகங்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக அணிகளிலிருந்தே ஆட்களைத் தெரிவுசெய்கின்றன. அப்படியிருந்தும், அந்தப் பல்கலைக்கழக விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பே, தன்கீழ் விளையாடுவோரில் நூற்றுக்கு இருவருக்கும் குறைவானவர்கள்தான் தொழில்முறை வீரராகிறார்கள் என்று ஒப்புக்கொள்கிறது. அங்கே தடுக்கி விழுந்தவரின் கதை பத்திரிகையில் வரும். இங்கே அது கோவைக்குள் கிடக்கும்.

எல்லாத் தவறுகளுக்கும் தாய்த் தவறு, பாடசாலையின் கடைசிப் போட்டியையே முடிவுக்கோடு என்று நினைப்பதாகும். பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகள் இருபது வயதுப் பிரிவோடு முடிந்துவிடுகின்றன. உடல் தன் முழு வேகத்தை எட்டுவதோ அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான். யுபுன் அபேகோன் 2022 ஜூலையில் சுவிட்சர்லாந்தில் 100 மீற்றரை 9.96 செக்கனில் ஓடி, பத்துச் செக்கனுக்குள் ஓடிய முதலாவது தெற்காசியரானபோது அவருக்கு வயது 27. அதற்கு முன் பல ஆண்டுகள் அவர் இத்தாலியில் பயிற்சி பெற்றிருந்தார். இருபதிலிருந்து இருபத்தேழு வரை ஒரு வீரருக்கு யார் சோறு போடுவது, எந்த மைதானத்தில் யார் பயிற்சி கொடுப்பது என்ற கேள்விக்குத் தென்னிலங்கையில் முப்படை அணிகளும் வங்கிகள், நிறுவனங்களின் அணிகளும் ஒருவாறு விடை வைத்திருக்கின்றன. வன்னிக் குடும்பமொன்றுக்கு முப்படை வழி ஏன் இலகுவானதல்ல என்பதை இங்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வழி இல்லையென்றால் வேறு வழியை முன்கூட்டியே தேட வேண்டும் என்பதை எவரும் பிள்ளைக்குச் சொல்வதில்லை. எந்தக் கழகத்தில் சேரலாம், மாவட்ட விளையாட்டு உத்தியோகத்தரிடம் என்ன கேட்கலாம், எந்த வேலையில் சேர்ந்தால் மாலையில் இரண்டு மணித்தியாலம் மிஞ்சும் என்பவற்றைப் பதினேழு வயதில் பேசத் தொடங்க வேண்டும். உயர்தரப் பரீட்சை முடிந்த பின் பேசினால் அதற்குள் ஆள் கொழும்பில் ஏதாவதொரு கடையில் நிற்பார்.

இரண்டாவது தவறில் எங்களுக்கும் பங்குண்டு. தைப்பொங்கல் கழிந்ததும் இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலம் தொடங்கிவிடும். ஓடக்கூடிய பிள்ளை ஒன்று அகப்பட்டால், அதே பிள்ளைதான் 100 மீற்றரும் ஓட வேண்டும், நீளமும் பாய வேண்டும், அஞ்சலோட்டத்தின் கடைசிக் கோலையும் பிடிக்க வேண்டும். அந்தக் களைப்பு ஆறுமுன் கரப்பந்தாட்ட அணியிலும் உதைபந்தாட்ட அணியிலும் அதே பெயர் இருக்கும். புள்ளி வேண்டும், கேடயம் வேண்டும், அதிபரின் அறையில் வைக்க ஒரு கிண்ணம் வேண்டும். பதின்மூன்று, பதினான்கு வயதில் எல்லாவற்றிலும் வெல்லும் பிள்ளை பல வேளைகளில் மற்றவர்களைவிட ஓரிரு ஆண்டு முந்தி வளர்ந்துவிட்ட பிள்ளை, அவ்வளவுதான். மற்றவர்கள் பதினேழு வயதில் அந்த உயரத்தை எட்டியதும் முந்திய வெற்றிகள் குறையத் தொடங்கும். "இவனுக்கு முந்தின மாதிரி ஓர்மம் இல்லை" என்று நாமும் பேசுவோம், பிள்ளையும் அதை நம்பிவிடும். மறுபுறத்தில், பதினான்கு வயதில் நாலாவதாக வந்த ஒல்லியான பிள்ளையை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் அனுபவத்தில் அந்த நாலாவது பிள்ளையை விட்டதே பெரிய நட்டம்.

காயத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நமது கிரவல் மைதானங்களில் அதிகம் பேரை வீட்டுக்கு அனுப்புவது அதுதான். வளரும் வயதில், அதிலும் பாயும் பிள்ளைகளுக்கு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே முன்புற எலும்பில் ஒரு முண்டு தோன்றி, தொட்டால் நோகும். அங்குள்ள வளர்ச்சிப் பகுதியைத் தொடைத் தசைநார் மீண்டும் மீண்டும் இழுப்பதால் வருவது அது. பாய்ச்சலைக் குறைத்து ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். அதை எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவதும், கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாள் பாய வைப்பதும் ஆறக்கூடியதை ஆறாமற் செய்யும் வேலை. முழங்காலுக்குக் கீழ் எலும்பில் ஒரு விரல் நுனி அளவான இடத்தில் மட்டும் நோவு இருந்து, அது படுத்திருக்கும்போதும் விடாமல் தொடர்ந்தால், எலும்பில் மயிரிழை வெடிப்பு இருக்கக்கூடும். அதற்கு வாரக்கணக்கான ஓய்வைத் தவிர வேறு குறுக்கு வழி கிடையாது. முறிவு நெரிவு வைத்தியர்கள் மீது எனக்கு மதிப்புண்டு, என் சொந்தக் கையை ஒருமுறை பொருத்தியவரும் அப்படியொருவர்தான். ஆயினும் அவரிடம் போவதற்கு முன் ஆஸ்பத்திரியில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதில் எவருக்கும் மானக்கேடு இல்லை.

தொடையின் பின்தசை இழுத்துக்கொள்வது இன்னொரு பொறி. ஒருமுறை இழுத்த தசை மறுபடி இழுத்துக்கொள்ளும் வாய்ப்பு மிக அதிகம். நடக்கும்போது நோகவில்லை என்பது ஓடலாம் என்பதற்கு அடையாளமல்ல. மாகாணப் போட்டிக்கு இன்னும் பத்து நாள் என்றதும், "ஒரு நாளைக்குத்தானே சேர், ஸ்பிரே அடிச்சிட்டு ஓடுறன்" என்று பிள்ளை கேட்கும். அந்த ஒரு நாளுக்கு ஒப்புக்கொண்டதால் ஒரு முழுப் பருவத்தை இழந்த பிள்ளைகள் என் கணக்கில் மூவர் உண்டு, ஒப்புக்கொண்டவன் நான். கிறெக் ஓடன் என்ற கூடைப்பந்தாட்ட வீரர் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத் தொடரான என்.பி.ஏ.வுக்கு 2007இல், பின்னாளில் பெரும் நட்சத்திரமான கெவின் டுராண்டையும் முந்தி, முதலாவது ஆளாகத் தெரிவுசெய்யப்பட்டவர். முதற் பருவம் தொடங்கு முன்பே வலது முழங்காலில் சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்து அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார், பின்னும் சத்திரசிகிச்சைகள் தொடர்ந்தன, என்.பி.ஏ.யின் வழமையான பருவப் போட்டிகளில் அவர் ஆடியவை மொத்தம் 105 மட்டுமே. உலகின் சிறந்த மருத்துவர்கள் பக்கத்தில் நின்றபோதே கால்கள் அப்படிக் கைவிட்டன என்றால், ஐஸ்கட்டிக்குச் சந்திக் கடைக்கு ஆள் அனுப்பும் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

உணவு பற்றிய தவறு எளிமையானது. காலையில் பிளேன்ரீயும் இரண்டு பிஸ்கற்றும், பாடசாலை முடிந்து வெறும் வயிற்றோடு பயிற்சி, இரவில் வயிறு நிறையச் சோறு என்ற ஒழுங்கில் எந்த உடலும் கட்டியெழாது. வன்னியில் உணவுக்குப் பஞ்சமில்லை; குளத்து மீன், முட்டை, பயறு, கௌபி, முருங்கையிலை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பெண் பிள்ளைகளில் பலருக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறது. சோற்றோடு சேர்த்துத் தேநீர் குடிப்பது உணவிலுள்ள இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பது பல வீடுகளில் தெரியாது. 800 மீற்றரில் கடைசி இருநூறில் கால் கனக்கிறது என்று சொல்லும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுவதற்கு முன் ஒரு இரத்தப் பரிசோதனை செய்வித்துப் பாருங்கள். பயிற்சிக் காலத்தில் மாதவிடாய் மூன்று மாதத்துக்கு மேல் நின்றுபோனால் அது கடும் பயிற்சியின் பெருமைக்குரிய அடையாளமல்ல, உடலுக்குச் சாப்பாடு போதவில்லை என்பதன் முறைப்பாடு.

பெண் பிள்ளைகள் காணாமற்போவதற்கு உடல் மட்டும் காரணமல்ல. பதினாறு வயதாகும்போது காற்சட்டையின் நீளம், பயிற்சி முடிந்து இருட்டில் வீடு திரும்பும் பாதை, "சொந்தக்காரர் என்ன சொல்லுவினம்" என்ற பயம் மூன்றும் சேர்ந்து வருகின்றன. தாய்மாரோடு வாதாடிப் பயனில்லை. பயிற்சியை அரை மணி முன்னதாக முடித்து, பிள்ளைகளைக் கூட்டமாக அனுப்பினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. தருஷி கருணாரத்ன, கண்டிப் பக்கத்துக் கிராமமான வலலவிலுள்ள ஒரு மத்திய கல்லூரியின் மாணவியாக இருந்தபோதுதான் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் 800 மீற்றரை 2 நிமிடம் 3.20 செக்கனில் ஓடித் தங்கம் வென்றார். கொழும்புப் பாடசாலையில் படித்தால்தான் முன்னேறலாம் என்று சொல்வோருக்கு நான் காட்டும் உதாரணம் அவர்.

உயர்தரம் வந்ததும் விளையாட்டை முற்றாக நிறுத்துவதும், விளையாட்டுக்காகப் படிப்பைக் கைகழுவுவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகைமையைப் பெற்று, தேசிய மட்டத்தில் திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் சிறப்பு ஏற்பாடு இருக்கிறது. பரீட்சையில் சித்தியடையாதவருக்கு அந்தக் கதவு திறவாது. யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் இன்னும் இருபதைத் தொடாத வயதில் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தார். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் பட்டப்படிப்பும் பாய்ச்சலும் அவருக்கு ஒன்றாகவே நடந்தன. கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சொன்னால் இளைஞர்கள் சிரிக்கிறார்கள். ஜேய் வில்லியம்ஸ் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்தாட்ட நட்சத்திரம். 2002இல் சிக்காகோ புல்ஸ் அணி இரண்டாவது ஆளாகத் தெரிவுசெய்தது. ஒரு பருவம் ஆடினார். 2003 ஜூனில், ஒப்பந்தம் தடை செய்திருந்த மோட்டார் சைக்கிளில் போய் ஒரு கம்பத்தில் மோதினார், அதன்பின் என்.பி.ஏ.யில் ஒரு போட்டியேனும் ஆடவில்லை. ஏ9 வீதியில் இரவு ஒன்பது மணிக்கு, லீசிங்கில் எடுத்த வண்டியில், தலைக்கவசத்தைக் கைப்பிடியில் தொங்கவிட்டபடி பறப்பவர்களில் எத்தனை பேர் முன்னாள் அஞ்சலோட்ட வீரர்கள் என்று எனக்குத் தெரியும். போதைப்பொருளுக்கு லென் பையஸ் என்ற கூடைப்பந்தாட்ட வீரர் ஒருவரின் பெயரே போதும்: 1986 ஜூன் 17இல் பொஸ்ரன் செல்ரிக்ஸ் அணி அவரைத் தெரிவுசெய்தது, 19ஆம் திகதி கொக்கெய்ன் அவரைக் கொன்றது. உடற்பயிற்சி நிலையங்களில் டப்பாக்களில் விற்கப்படும் மாவுகளையும், மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சில தடிமன் குளிசைகளையும் கூட விசாரிக்காமல் விழுங்கக் கூடாது. ஊக்கமருந்துப் பரிசோதனையில் அகப்பட்டால் "தெரியாமல் குடித்தேன்" என்பது விடுதலை தராது, உடலில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு.

ஆசிரியர் இடமாற்றத்தோடு பயிற்சியும் போய்விடுவது நமக்கே உரிய வியாதி. பிள்ளையின் முழு வரலாறும் ஒருவரின் தலைக்குள் இருக்கிறது. அவர் மன்னாருக்கு மாற்றலாகிப் போனதும் புதிதாக வருபவர் அரிவரியிலிருந்து தொடங்குகிறார். நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். "செவ்வாய். 200 மீற்றர் ஆறு தரம். கடைசி இரண்டும் பிந்தியது. ராத்திரி ஐந்து மணித்தியாலம் நித்திரை. இடது குதிகால் நோ" என்று ஒரு மாணவி எழுதிவைத்த குறிப்பு, புதிதாக வந்த பயிற்றுநருக்கு என் ஒரு மணி நேர விளக்கத்தைவிடப் பயன்பட்டது. அந்தக் கொப்பி பிள்ளையின் கையில் இருக்க வேண்டும், ஆசிரியரின் மேசையில் அல்ல.

கடைசியாக, எவரும் தவறென்றே எண்ணாத ஒன்று. பரந்தன் இளைஞரின் பதினெட்டுச் சான்றிதழ்களில் அவருடைய பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. தந்தையின் பெயரின் முதலெழுத்து இரண்டில் இல்லவே இல்லை. தேசிய மட்டச் சான்றிதழை ஒரு வேலைக்குக் காட்டியபோது, அது அவருடையதுதான் என்று நிறுவ முடியாமல் திரும்பி வந்திருக்கிறார். இடம்பெயர்ந்து முகாமில் பதிவு செய்த ஆவணங்களோடு வளர்ந்த தலைமுறைக்கு இந்தச் சிக்கல் அதிகம். பதினைந்து வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதே பிறப்புச் சான்றிதழையும் விளையாட்டுச் சான்றிதழ்களையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, பிழையைத் திருத்தி, கடவுச்சீட்டையும் எடுத்து வைத்துவிட வேண்டும். பயிற்சி முகாமுக்கு அழைப்பு வரும்போது அவகாசம் கேட்க முடியாது.

கோவையை மூடுமுன் அவருடைய மகளின் பிறப்புச் சான்றிதழையும் எடுக்கச் சொன்னேன். முன்பள்ளி விளையாட்டுப் போட்டியில் பழம் பொறுக்கி முதலாவதாக வந்தவளாம். சான்றிதழின் ஆங்கிலப் பகுதியில் ஓர் எழுத்து மாறியிருந்தது. திங்கட்கிழமை டிப்பரை நிறுத்திவிட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போவதாகச் சொன்னார்.