மூன்று மாதம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்: கர்ப்பத்திலும் பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் தவிர்க்க வேண்டியவை

மாதவிடாய் தள்ளிப்போனது தெரிந்தும், நாவூறு பட்டுவிடும் என்று மூன்று மாதம் வரை மறைப்பது யாழ்ப்பாணத்து வீடுகளில் இன்னும் நடக்கிறது. ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கு (மருத்துவமாது) மட்டும் உடனே சொல்லுங்கள்; கர்ப்பத்தின் 8 வாரத்துக்குள் பதிவு செய்துவிட வேண்டும். பிள்ளையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் நரம்புக்குழாய் கருத்தரித்து ஏறத்தாழ 28 நாளில் மூடிவிடும். மூன்றாம் மாதத்தில் தொடங்கும் போலிக் அமில விற்றமின் குளிசை அதற்கு உதவாது. பிள்ளை வேண்டும் என்று நினைத்த நாளிலிருந்தே தினமும் 0.4 மில்லிகிராம் எடுக்க வேண்டும். வலிப்பு, தைரொயிட், பிரஷர், சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் கிளினிக்கில் அதையும் முதல் நாளே சொல்லவேண்டும். பயத்தில் தாங்களாகவே மருந்தை நிறுத்துவது இன்னும் ஆபத்து.

அடுத்தது இரும்புச்சத்துக் குளிசை. கிளினிக்கில் ஒழுங்காகக் கொடுக்கிறார்கள், ஒழுங்காக விழுங்கவும் செய்கிறார்கள், ஆனாலும் இரத்தம் ஏறுவதில்லை. அதற்கு ஒரு காரணம் தேத்தண்ணி. தேயிலையில் உள்ள தனின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலும் கல்சியம் குளிசையும் உறிஞ்சலைக் குறைக்கும். ஆகவே கல்சியத்தைக் காலையிலும், இரும்பை விற்றமின் சி குளிசையோடு இரவு படுக்கப்போகும் முன்னும் எடுங்கள். இரும்புக்கு முன்னும் பின்னும் 2 மணி நேரத்துக்குத் தேத்தண்ணியும் பாலும் வேண்டாம். தேசிக்காய்த் தண்ணியோடு குடித்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போவது வழமையானதுதான், அதைக் கண்டு நிறுத்தாதீர்கள். குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கலாம். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் முருங்கைக்கீரையும் கூடுதலாகச் சேர்க்கலாம்.

தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போகும்போது பலர் அங்குள்ள குடும்பநல உத்தியோகத்தருக்குச் சொல்வதில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பின் முதல் 10 நாளில் அவர் குறைந்தது இரண்டு தடவை வீட்டுக்கு வரவேண்டும். முகவரி தெரியாவிட்டால் எங்கே வருவார்? போகும் இடத்திலும் விட்டுப்போகும் இடத்திலும் தகவல் கொடுங்கள். கர்ப்பகாலப் பதிவு அட்டை எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். நெடுந்தீவு போன்ற இடங்களில் இருப்பவர்கள், வலி வந்தபின் படகு தேடும் நிலைக்கு வராமல், எப்போது கரைக்கு வந்து தங்குவது என்பதைக் கிளினிக்கிலேயே முடிவு செய்யவேண்டும்.

துடக்கு (பிள்ளைப்பேற்றுத் தீட்டு) முடியும் 31 நாள் வரை தாயை வெளியே விடாத வீடுகளில் காய்ச்சலும் "குளிர் பட்டது" ஆகிவிடுகிறது. காய்ச்சல், கெட்ட மணமுள்ள கசிவு, ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பாட் முழுவதும் நனையும் இரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும், மூச்சுத்திணறல், கடும் தலையிடி, கண் மங்கல்: இவற்றில் ஒன்று வந்தாலும் பனடோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். பிரஷரால் வரும் வலிப்பு பிள்ளை பிறந்த பின்னும் வரும். பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பதும் தவறு. பால் கொடுக்கும் தாய்க்குத் தாகம் கூட. பிள்ளைக்குத் தேன், சீனித்தண்ணி, உரைமருந்து எதுவும் வேண்டாம். தொப்புளில் எதையும் பூசாமல் உலர்ந்தபடி விடுங்கள்.

பிள்ளையின் வயிற்றோட்டத்துக்கு ஜீவனி (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புத் தூள்) கரைப்பதிலும் பிழை நடக்கிறது. 1 லீற்றர் பக்கெட்டில் பாதியைக் கிளாசில் கரைத்தால் உப்பு மிதமிஞ்சிப் பிள்ளைக்கு ஆபத்தாகும். கொதித்தாறிய 1 லீற்றர் தண்ணீரை அளந்து முழுப் பக்கெட்டையும் கரைத்து, 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

"பால் கொடுக்கிறேன்தானே, தரிக்காது" என்பது மூன்றும் சேர்ந்திருந்தால்தான் சரி: பிள்ளைக்கு 6 மாதம் ஆகவில்லை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும், மாதவிடாய் திரும்பவில்லை. ஒன்று மாறினாலும் வேறு குடும்பத்திட்ட முறை வேண்டும். அதைக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வரும்போதே கேளுங்கள். மாமியார் பக்கத்தில் இருந்து கூச்சமாக இருந்தால், தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லலாம்.