பழைய கடுதாசிகளை வைத்து வம்சம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ ஒரு பழைய வீட்டை இடிக்கக் கொடுக்கும்போது பரணிலிருந்து டிரங்குப் பெட்டி இறங்குகிறது. உள்ளே கம்பியில் குத்திய தபால் கார்டுகள், இன்லண்டு கடிதங்கள், கிழிந்த கவர்கள். அன்றிரவே வீட்டில் ஒருவர் வம்ச வரைபடம் போட உட்கார்ந்துவிடுகிறார். கையெழுத்து புரியாது, தாள் நொறுங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை விட்டு, புதிதாக வருகிறவர்கள் தவறாமல் சறுக்கும் இடங்களைப் பார்ப்போம்.

உறவுச்சொல்லை அப்படியே வரைபடத்தில் ஏற்றுவது

இதைப் போல ஆளைக் கவிழ்க்கும் தவறு வேறில்லை. எத்தனை முறை சொன்னாலும் மறுபடி நடப்பதால் எரிச்சலும் தீர்வதில்லை.

'அண்ணாவுக்கு அநேக நமஸ்காரம்' என்று ஒரு கார்டு தொடங்குகிறது. உடனே ஒரே தகப்பனுக்கு இரண்டு பிள்ளைகள் என்று கோடு போட்டுவிடுகிறார்கள். பெரியப்பா மகனும் அண்ணாதான், பெரியம்மா மகனும் அண்ணாதான். கூட்டுக் குடும்பத்தில் சித்தப்பாமார் கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், பெற்ற தகப்பனையே 'அண்ணா' என்றும் தாயை 'மன்னி' என்றும் அழைத்த வீடுகள் உண்டு. அங்கே அந்தக் கார்டு மகன் தகப்பனுக்கு எழுதியது. ஒரு தலைமுறையே வரைபடத்தில் காணாமல் போகும்.

'மாமா' இன்னும் சிக்கல். தாயின் உடன்பிறந்தவர், அத்தையின் கணவர், மாமனார் எல்லோரும் மாமா. முறைப்பெண்ணைக் கட்டியவருக்குத் தாய்மாமனே மாமனாராகவும் இருக்கலாம். 'அத்திம்பேர்' அக்காள் கணவராகவும் இருக்கலாம், அத்தை கணவராகவும் இருக்கலாம். 'ஐயா' ஓரிடத்தில் தகப்பன், இன்னோரிடத்தில் தாத்தா. ஆகவே அந்தக் குடும்பம் எந்த ஊர், எந்தச் சமூகம், அவர்கள் வழக்கில் அந்தச் சொல் யாரைக் குறிக்கும் என்பதை உயிரோடிருக்கும் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே கடிதத்தைப் பிரிக்க வேண்டும்.

ஒவ்வொரு கடிதத்துக்கும் எழுதியவர், பெற்றவர், விளித்த சொல், முடித்த சொல் என்று நான்கு கட்டம் போடுங்கள். நமஸ்காரம் என்று எழுதுகிறவர் முறையில் இளையவர், ஆசீர்வாதம் என்று எழுதுகிறவர் மூத்தவர். பெயருக்கு முன்னால் 'சி.' (சிரஞ்சீவி) இருந்தால் அவர் எழுதியவரைவிடச் சிறியவர். வயது அல்ல, முறைதான் கணக்கு. மருமகனைவிட வயதில் சிறிய தாய்மாமன்கள் நிறையப் பேர்.

பெயரும் கைவிடும். பாட்டன் பெயர் பேரனுக்கு வருவதால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பும். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதால் அந்தப் பேரனுக்கு வீட்டில் வேறொரு பெயர் இருக்கும். கடிதத்தில் வருவது அந்த வீட்டுப் பெயர், பத்திரத்தில் வருவது பாட்டன் பெயர். ஒருவரையே இரண்டு பிள்ளைகளாக எண்ணிவிடுவார்கள்.

கடிதத்தை மட்டும் நம்பி எந்தக் கோட்டையும் மையால் போடாதீர்கள். கிரயப் பத்திரத்திலும் பாகப்பிரிவினைப் பத்திரத்திலும் 'இன்னார் குமாரர்' என்று தகப்பன் பெயர் இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கி ஒத்துப் பார்க்கும் வரை அது பென்சில் கோடுதான். தப்பான தகப்பனைப் பிடித்துக்கொண்டால் வில்லங்கச் சான்றுக்குப் போட்ட பணமும் போச்சு, ஊர் ஊராக அலைந்த நாளும் போச்சு.

வருஷப் பெயரை அவசரமாக மாற்றுவது

தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். பார்த்திப என்றால் 1885ஆ, 1945ஆ? தபால் தலையைப் பாருங்கள்: விக்டோரியா மகாராணி இருந்தால் முந்தையது, ஆறாம் ஜார்ஜ் இருந்தால் பிந்தையது. அத்தோடு வருஷம் சித்திரையில் பிறக்கிறது. பார்த்திப வருஷம் தை 5 என்றால் 1945 அல்ல, 1946 ஜனவரி. தை, மாசி, பங்குனிக் கடிதங்களில் இந்த ஓராண்டுப் பிசகு எப்போதும் நுழையும். மார்கழியின் பின்பாதியும் ஜனவரியில்தான் விழும்.

௳ நாள், ௴ மாதம், ௵ வருஷம். ௧ என்பதைக் 'க' என்றும் ௭ என்பதை 'எ' என்றும் படித்துவிட்டுத் தேதியே இல்லை என்று ஒதுக்காதீர்கள்.

முகவரியும் காலம் சொல்லும். 'சென்னை-4' என்பது 'சென்னை-600004' ஆனது 1972 ஆகஸ்ட் 15இல் பின்கோடு வந்த பிறகு. இன்லண்டு என்றால் 1950 அக்டோபருக்கு முந்தையதாக இருக்க முடியாது. ஆனால் 'சென்னை' என்று எழுதியிருப்பதால் 1996க்குப் பிந்தையது என்று நினைக்காதீர்கள். தமிழில் எழுதியவர்கள் அதற்கு வெகு காலம் முன்பே அப்படித்தான் எழுதினார்கள்.

முத்திரையில் உள்ள ஊரைச் சொந்த ஊர் என்பது

1942 ஏப்ரலில் ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் பட்டணத்து ஜனம் கிராமங்களுக்கு ஓடியது. அந்த ஆண்டுக் கடிதத்தில் வரும் ஊர் வெறும் தஞ்சம் புகுந்த இடமாக இருக்கலாம்.

கம்பியிலிருந்து உருவிக் கொட்டுவது

கம்பியில் அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. தேதி அழிந்த கார்டுக்கு மேலும் கீழும் உள்ளவையே சாட்சி. உருவும் முன்பே மேலிருந்து கீழாக 2பி பென்சிலால் மெல்ல எண் போடுங்கள். கவரையும் அதன் கடிதத்தோடு சேர்த்து, இரு பக்கமும் படமெடுங்கள். தபால் தலையை வெட்டி எடுத்தால் முத்திரைத் தேதியும் அதோடு போய்விடும்.

லேமினேஷன், செலோ டேப்

கூடவே கூடாது.

சாவுக் கடிதம் இல்லாததால் சாவு இல்லை என்பது

கறுப்பு தடவிய கார்டைப் படித்ததும் கிழித்துப் போடுவதே வழக்கம். வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். கடிதக் கட்டில் கல்யாணச் செய்திகள் மட்டும் மிஞ்சுவது அதனால்தான். மரணத்தைக் கடிதங்களின் கடைசி வரிகளில் தேடுங்கள். 'பாட்டிக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசி' என்று எல்லோரையும் விசாரிக்கும் அந்தப் பட்டியலை மாதவாரியாக எழுதி வையுங்கள். பாட்டி எந்த மாதம் பட்டியலிலிருந்து விழுகிறார், ஒரு பெண்ணின் பெயருக்கு முன்னால் இருந்த 'சௌ.' (சௌபாக்கியவதி, கணவர் உயிரோடிருக்கும் பெண்) எந்தக் கடிதத்திலிருந்து இல்லை என்று பாருங்கள். மாநகராட்சி இறப்புப் பதிவில் தேட வேண்டிய ஆண்டு அங்கே கிடைக்கும்.