பழைய டிரான்சிஸ்டரில் கால் கண்டுபிடிக்கும்போது நடக்கும் தவறுகள்

டிரான்சிஸ்டருக்குப் பொதுவாக மூன்று கால்: பேஸ், எமிட்டர், கலெக்டர். நடுக்கால் என்றாலே பேஸ் என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. பிசி547 என்ற டிரான்சிஸ்டரைத் தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, கால் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். அதே உருவத்தில் இருக்கும் 2என்3904-ல் வரிசை தலைகீழ். சி1815-ல் நடுவில் கலெக்டர், பிஎஃப்494-ல் எமிட்டர். வண்ணாரப்பேட்டை காயலாங்கடையில் வாங்கும் ஒரே போர்டில் இத்தனையும் கலந்து கிடக்கும். உருவத்தை நம்பவே கூடாது.

அடுத்தது, படத்தைத் தப்பான பக்கமிருந்து பார்ப்பது. டேட்டா புக்கில் உலோக மூடி வகைகளைப் பெரும்பாலும் கால் பக்கமிருந்து வரைந்திருப்பார்கள். பிசி107, எஸ்எல்100 இரண்டிலும் மூடியின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கை ஒட்டியது எமிட்டர். காலை நம் பக்கம் திருப்பினால், அங்கிருந்து கடிகாரச் சுற்றில் பேஸ், கலெக்டர். மூடியோடு கன்டினியூட்டி (மின்தொடர்பு) காட்டும் காலும் கலெக்டர்தான், அதனால் இந்த வரிசையை உடனே சரிபார்த்துவிடலாம்.

பழைய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரில் இந்த மூடிச் சோதனை ஏமாற்றும். ஏஎஃப்117-க்கு நான்கு கால்: தள்ளி நிற்பது கலெக்டர், அதற்கடுத்தது மூடியோடு சேர்ந்த ஷீல்டு, அதாவது கவசக் கால். உள்ளே மயிரிழை போலத் தகரக் கம்பி வளர்ந்து வேறு கால்களும் மூடியோடு ஷார்ட் ஆகியிருக்கலாம்.

அளக்கும் மல்டிமீட்டரிலும் ஒரு பொறி உண்டு. பெரும்பாலான முள் மீட்டர்களில் ஓம்ஸ் ரேஞ்சில் கறுப்பு வயர்தான் பாசிட்டிவ், டிஜிட்டலில் சிவப்பு. டிரான்சிஸ்டரில் என்பிஎன், பிஎன்பி என்று இரண்டு வகை; இதை மறந்தால் ஒன்று மற்றதாகத் தெரியும். காசிமேடு, ராயபுரம் பக்கத்து உப்புக் காற்றில் கால் கருத்துப்போயிருந்தால் பிளேடால் சுரண்டாமல் அளக்காதீர்கள், ரீடிங் நிலையாக நிற்காது.

டிஜிட்டல் மீட்டரை டயோடு ரேஞ்சில் வையுங்கள். ஒரு கால் மற்ற இரண்டோடும் ஒரே திசையில், அதாவது அந்தக் காலில் வைத்த வயரை மாற்றாமலே, ரீடிங் காட்டினால் அது பேஸ். சிலிக்கானில் 0.6 முதல் 0.7 வோல்ட், ஜெர்மேனியத்தில் சுமார் 0.2. சிலிக்கானில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் பக்கம் எமிட்டர். வித்தியாசம் சில மில்லிவோல்ட்தான் என்பதால், சந்தேகம் வந்தால் முள் மீட்டரை 1கே ரேஞ்சில் எடுங்கள். என்பிஎன் என்றால் கலெக்டர் என்று நினைக்கும் காலில் கறுப்பு, எமிட்டரில் சிவப்பு. ஈர விரலால் கலெக்டரையும் பேஸையும் சேர்த்துத் தொடுங்கள். பிறகு இரண்டு வயரையும் மாற்றி, விரலையும் மற்றக் காலுக்கு மாற்றிப் பாருங்கள். முள் அதிகம் ஏறுவதுதான் சரியான அமைப்பு. பிஎன்பிக்கு வயர் நிறம் எதிர்மாறு. 10கே ரேஞ்ச் வேண்டாம்: உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி எமிட்டர்-பேஸ் இணைப்பைக் கடத்தக் கூடாத எதிர்த்திசையிலும் கடத்தவைத்துவிடும், ரீடிங் குழப்பும்.

பழைய பிக்சர் டியூப் டிவியில் வந்த பியு508டி-யில் கலெக்டர், எமிட்டருக்கு நடுவே டயோடு உள்ளேயே இருக்கும். அதைப் பார்த்து 'ஷார்ட்' என்று நல்ல டிரான்சிஸ்டரைத் தூக்கிப் போடுகிறவர்கள் நிறைய. ஒரு திசையில் மட்டும் கடத்தினால் அது ஷார்ட் இல்லை. போர்டிலிருந்து கழற்றாமல் அளந்திருந்தால் எந்த முடிவும் எடுக்காதீர்கள். குறைந்தது இரண்டு காலையாவது சால்டர் எடுத்துத் தூக்கிவிட்டு அளக்க வேண்டும்.