பிரஷருக்கும் நெஞ்சுவலிக்கும் ஒரே மாத்திரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாத்திரையை மறக்காதீர்கள், பீடியை விடுங்கள், உப்பைக் குறையுங்கள் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரே அதைச் சொல்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கம் மருந்துக்கடையில் நிற்கும் எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். புதிதாகக் கூட்டு மாத்திரை தொடங்கியவர்கள், முன்பு அவர்களுடைய அண்ணன்மாரும் மச்சான்மாரும் செய்த அதே தவறை, அதே காரணத்தைச் சொல்லிச் செய்கிறார்கள்.

இரத்த அழுத்தமும், வேலை செய்யும்போது நெஞ்சை இறுக்கும் வலியும் சேர்ந்திருப்பவர்களுக்குப் பரவலாக எழுதப்படுவது அம்லோடிபின் 5 மி.கி., அட்டெனோலால் 50 மி.கி. இரண்டும் கலந்த மாத்திரை. அம்லோடிபின் இரத்தக் குழாய்களைத் தளர்த்தும். அட்டெனோலால் இதயத் துடிப்பை மட்டுப்படுத்தி, இதயத்துக்குத் தேவைப்படும் ஆக்சிஜனைக் குறைக்கும். சிலருக்கு அட்டெனோலாலின் இடத்தில் அதே வகை மருந்தான மெட்டோபிரோலால் இருக்கும்.

கால் வீங்கியது என்று மொத்தமாக நிறுத்துவது

பாம்பன் பக்கத்து விசைப்படகுக்காரர் ஒருவர், என்னைவிட மூத்தவர். மீன்பிடித் தடைக்காலத்தின் கடைசி நாட்களில் கடைக்கு வந்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகுகள் கரையில்தான். கடும் வெயில், திண்ணையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தே பொழுதுபோகும். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

“தம்பி, பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிட்டது. நீர் பிரிய ஒரு மாத்திரை கொடு” என்றார்.

“அண்ணே, இது கிட்னி வீக்கமாகத் தெரியவில்லை. மாத்திரையை நிறுத்திவிடாமல் டாக்டரிடம் காலைக் காட்டுங்கள்” என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். நீர் மாத்திரையை வேறொரு கடையில் வாங்கிக்கொண்டார், சீட்டு இல்லாமலே. கூட்டு மாத்திரையை அன்றோடு நிறுத்திவிட்டார்.

அம்லோடிபின் சிறு தமனிகளை விரிப்பதால் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் வெளியே கசிந்து கணுக்காலில் இறங்குகிறது. உடம்பில் நீர் அதிகமாகிவிட்டதால் வருவதல்ல. அதனால் நீர் மாத்திரைக்கு இது பெரிதாக அடங்காது. மருத்துவர் அம்லோடிபின் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். முகமும் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ அது வேறு கதை. உடனே போய்ப் பரிசோதிக்க வேண்டும்.

வீக்கம் அம்லோடிபினால். ஆனால் மாத்திரையை நிறுத்தும்போது அட்டெனோலாலும் கூடவே நின்றுபோகிறது. அதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. மாதக்கணக்கில் அடக்கிவைத்த இதயம், அட்ரினலின் சிறிது சுரந்தாலும் அதிகமாகத் துள்ளும். இழுத்துப் பிடித்த கயிற்றைச் சட்டென்று விட்டதுபோல். அடைப்பு இருக்கும் குழாயால் அந்த வேகத்துக்கு இரத்தம் கொடுக்க முடியாது. விளைவு நெஞ்சுவலி, சிலருக்கு மாரடைப்பு. நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் மருத்துவர் ஒன்றிரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறைப்பார். அந்த நாட்களில் பாரமான வேலையும் கூடாது என்பார்.

இதில் ஒரு ஏமாற்றும் இருக்கிறது. அம்லோடிபின் உடம்பைவிட்டுப் போகப் பல நாள் ஆகும். அட்டெனோலால் ஓரிரு நாளில் போய்விடும். நிறுத்திய மறுநாள் அழுத்தம் பார்த்தால் பெரும்பாலும் நன்றாகவே காட்டும். “பார், மாத்திரை இல்லாமலே சரியாக இருக்கிறது” என்ற தைரியம் வந்துவிடுகிறது. போதாக்குறைக்குத் தடைக்காலத்தில் வலை இழுப்பதும் இல்லை, ஐஸ் பெட்டி தூக்குவதும் இல்லை. இந்த வலி உழைக்கும்போது வருவது. உழைப்பு இல்லை, வலியும் இல்லை. நோய் தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

தடை முடிந்து கடலுக்குப் போன முதல் தொழிலிலேயே, இரவில் வலையை ஏற்றும்போது நெஞ்சு இறுகியிருக்கிறது. வாயு என்று சோடா குடித்திருக்கிறார். வலி இடது கைக்கு இறங்கிய பிறகுதான் படகைத் திருப்பினார்கள். கரை சேரப் பல மணி நேரம். பிழைத்துக்கொண்டார். இப்போது கரையில் வலை பொத்துகிறார், கடலுக்குப் போவதில்லை. மீனே இல்லாமல் திரும்பிய படகின் டீசல் கணக்கு அந்த வீட்டில் இன்னும் தீரவில்லை. பாதம் வீங்கியதற்காக இவ்வளவு! அந்த நீர் மாத்திரையை விற்றவர் “வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அட்டையின் பின்புறத்தில் இரண்டு மருந்தின் பெயரும் அச்சிட்டுத்தானே இருக்கிறது.

கடலுக்குப் போகிறவர்கள் தங்கும் நாட்களுக்கு மேல் இரண்டு நாள் மாத்திரையை, நனையாத டப்பாவில், கையோடு எடுத்துப் போங்கள்.

பழைய அட்டையும் புதிய அட்டையும்

அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிரஷர் மாத்திரை ஒரு டப்பாவில், தனியார் மருத்துவர் எழுதிய கூட்டு மாத்திரை இன்னொரு டப்பாவில். இரண்டிலும் ஒரே மருந்து இருக்கலாம். இரண்டையும் விழுங்கினால் தலை சுற்றலாம், நாடி நிமிடத்துக்கு 50க்குக் கீழே இறங்கலாம். எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு மருத்துவரிடம் கொட்டிக் காட்டுங்கள்.

சுகரும் இழுப்பும்

இழுப்பு (ஆஸ்துமா) இருந்தால் மருந்து எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள். அட்டெனோலால் அதைக் கிளப்பிவிடலாம். சுகர் இருப்பவர்களுக்கு, சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் அது மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. ஆனால் நம் ஊர் வெயிலில் வியர்வையை யார் பொருட்படுத்துகிறார்கள்? சந்தேகம் வந்தால் விரலைக் குத்திப் பாருங்கள்.

இடுப்புவலிக்கு டைக்ளோஃபெனாக்

அழுத்தத்தை ஏற்றிவிடும். கேட்டு வாங்காதீர்கள்.

நோன்பு

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்தவர்கள் ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு, நோன்பு திறக்கும் வேளைக்கோ, விடியலுக்கு முன் சாப்பிடும் சஹர் வேளைக்கோ மாத்திரையை மாற்றிக்கொள்ளலாம். மாதம் முழுக்க விட்டுவிடுவது, மேலே சொன்ன அதே தவறுதான்.

ஆண்மை மாத்திரை

நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை வைத்திருப்பவர்கள் தொடவே கூடாது. அழுத்தம் ஒரேயடியாக விழுந்து உயிரே போகலாம்.

நெஞ்சு இறுகினால் சோடா

நுரை பொங்கும் வாயுப் பொடியில் சோடியம்தான் நிறைய. வேலையை நிறுத்தி முதலில் உட்காருங்கள். நாக்கடி மாத்திரை எழுதித் தந்திருந்தால் உட்கார்ந்தபடியே வையுங்கள். நின்றுகொண்டு வைத்தால் மயங்கி விழலாம். ஐந்து நிமிடத்தில் வலி அடங்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். வீட்டில் தனியாக இருந்தால் வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்காருங்கள்.