மார்பக ஆபரேஷன்: கையைக் கட்டிப்போடாதீர்கள்

புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்து மூன்று வாரம் ஆன பெண்கள் பிசியோதெரபி அறைக்குள் வரும்போது, ஃபைலைப் புரட்டாமலே எந்தப் பக்கம் ஆபரேஷன் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அந்தப் பக்கத்துக் கை முழங்கையில் மடிந்து விலாவோடு ஒட்டியிருக்கும். மறு கை அதைத் தாங்கிப் பிடித்திருக்கும். கூட வரும் மகளோ தங்கையோ நிம்மதியாகச் சொல்வார்: "ஒரு டம்ளர்கூடத் தூக்க விடலைங்க. அவ்வளவு பத்திரமாப் பாத்துக்கிட்டோம்."

அந்தப் பத்திரம்தான் கெடுக்கிறது. காயத்தை நனைக்காதே, மாத்திரையை நேரத்துக்குப் போடு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, வழக்கமாக நடக்கும் மற்ற தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறோம்.

கையை அசைக்காமல் வைத்திருப்பது

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க சர்ஜன் ஹால்ஸ்டெட் வகுத்த முறையில் மார்புத் தசையையும் சேர்த்தே எடுத்தார்கள். இப்போது பரவலாகச் செய்யும் ஆபரேஷனில் மார்பகமும் அக்குளின் நெறிக்கட்டிகளும்தான் போகின்றன. அடியிலுள்ள பெரிய மார்புத் தசை அப்படியே இருக்கிறது. கையைத் தூக்கினால் தையல் பிரிந்துவிடும் என்ற பயத்தில் அசைக்காமலே விட்டால், அக்குளிலிருந்து மார்புவரை தோல் சுருங்கி ஆறும். தோள் மூட்டைச் சுற்றிய உறையும் இறுகிவிடும். இதற்குச் சில வாரங்களே போதும்.

விலை கொடுக்க வேண்டிய இடம் அடுத்த கட்டம். கதிர்வீச்சு தேவைப்படுபவர், நம் ஊரில் சொல்வதுபோல் 'கரண்டு வைக்க'ப் போகிறவர், இரண்டு கையையும் தலைக்கு மேலே வைத்து அசையாமல் படுக்க வேண்டும். முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்துக் குறி போடும் நாளிலும், பிறகு 15 நாளோ 25 நாளோ ஒவ்வொரு நாளும் இதே நிலைதான். கை ஏறாவிட்டால் கதிர் போகும் வழியில் கையே குறுக்கே நிற்கும். "கை ஏறட்டும், பிறகு வாங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். புற்றுநோயை முறையாக எடுத்த பிறகும், தோள்பட்டைக்காகச் சிகிச்சை வாரக்கணக்கில் தள்ளிப்போவதைப் பார்க்கும்போது எங்களுக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. தவிர்க்கக்கூடிய தாமதம் அது.

குற்றம் வீட்டாரிடம் மட்டும் இல்லை. டிஸ்சார்ஜ் தாளில் 'கைப்பயிற்சி செய்யவும்' என்று ஒற்றை வரி எழுதி அனுப்பினால் யாருக்கு என்ன புரியும்? என்றைக்கு, எவ்வளவு உயரம், எத்தனை தடவை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாகச் சொல்லிக்கொடுப்பது இதுதான்.

ஆபரேஷனுக்கு மறுநாளே தொடங்கலாம். கையைத் தலையணைமேல் வைத்து விரல்களை இறுக்கி விரியுங்கள், மணிக்கட்டைச் சுழற்றுங்கள், முழங்கையை மடக்கி நீட்டுங்கள், தோளை மேலே தூக்கி இறக்குங்கள். ஒவ்வொன்றும் 5 முதல் 10 தடவை, நாளைக்கு மூன்று நான்கு வேளை. சாப்பிடுவது, முகம் கழுவுவது, தலை வாருவது எல்லாம் அந்தக் கையாலேயே நடக்கட்டும். காயத்தின் நீரை வெளியேற்ற வைத்த டியூப் இருக்கும்வரை முழங்கை தோள் உயரத்துக்கு மேல் போக வேண்டாம்.

டியூப் எடுத்தபின், டாக்டர் சரி என்றதும், சுவரைப் பார்த்து நின்று விரல்களால் எறும்பு ஊர்வதுபோல் மேலே ஏறுங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மல்லாந்து படுத்து, இரண்டு கையையும் கோத்துத் தலைக்கு மேலே கொண்டுபோய் ஐந்து விநாடி நிறுத்துங்கள். இழுப்பு தெரிய வேண்டும், குத்தும் வலி வரக்கூடாது. டாக்டர் எழுதிய வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பு போட்டால் செய்வது எளிது. மார்பகத்தை மறுபடி அமைக்கும் ஆபரேஷனும் சேர்ந்து நடந்திருந்தால் இந்தக் கணக்கு மாறும்; உங்கள் சர்ஜன் சொல்வதே சரி.

இடையில் அக்குளிலிருந்து முழங்கைப் பக்கம் கயிறுபோல் ஒன்று புடைத்து இழுக்கலாம். "நரம்பு இழுத்துக்கிச்சு" என்று பயந்து பலர் நிறுத்துவது இங்கேதான். அது நரம்பில்லை, பெரும்பாலும் தடித்துப்போன நிணநீர்க் குழாய். பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிட்டு நீட்டும் பயிற்சியைத் தொடர்ந்தால் தானாகத் தளரும். கதிர்வீச்சு நடக்கும்போதும், முடிந்து பல மாதங்களுக்கும் பயிற்சியை விடக்கூடாது. கதிரும் தசையை இறுக்கும்.

டியூப் டப்பாவை ஊத விடுவது

டியூபின் நுனியில் உள்ள டப்பா அமுங்கியிருந்தால்தான் நீரை உறிஞ்சும். காற்று புகுந்து உப்பினால் நீர் உள்ளேயே தேங்கும். கை கழுவி, மூடியைத் திறந்து, அளவு ஜாரில் ஊற்றி, டப்பாவை முழுக்க அமுக்கிப் பிடித்தபடியே மூட வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் அளந்து, 24 மணி நேரத்துக்கு எத்தனை மில்லி என்று நோட்டில் எழுதுங்கள். "கொஞ்சமாத்தான் வருது" என்ற பதிலை வைத்து டியூபை எடுக்க முடியாது. பல இடங்களில், தொடர்ந்து இரண்டு நாள் 30 மில்லிக்குக் கீழே வந்தால்தான் எடுப்பார்கள். நிறம் சிவப்பிலிருந்து வெளிறி மஞ்சளாவது இயல்பு. திடீரென்று ரத்தமாக வேகமாய் நிறைந்தாலோ, சட்டென்று நின்று மார்பு வீங்கினாலோ அன்றைக்கே போங்கள்.

டப்பா காயத்துக்குக் கீழே, நைட்டியில் ஊக்கு குத்தித் தொங்க வேண்டும். முன்பக்கம் திறக்கும் நைட்டி இரண்டு மூன்று முன்பே வாங்கிவையுங்கள்.

ஆபரேஷன் காலையில் காபி

பால் சேர்த்த காபி சோற்றுக் கணக்கு: 6 மணி நேர இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீருக்குப் பொதுவாக 2 மணி நேரம். மயக்க டாக்டர் வேறு நேரம் சொன்னால் அதுவே கணக்கு. "ஒரு வாய் காபிதானே" என்று குடித்தால் ஆபரேஷன் தேதி தள்ளிப்போகும்.

மாத்திரைகளை மறைப்பது

ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், நாட்டு மருந்து, மஞ்சள்தூள் கேப்சூல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். சர்க்கரைக்கு டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போடுபவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும்; குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

கையை முன்பே அளக்காதது

நெறிக்கட்டி எடுத்த கையில் பின்னாளில் நிணநீர் வீக்கம் வரலாம். மாதங்கள் கழித்தும் வரும், வருடங்கள் கழித்தும் வரும். ஆபரேஷனுக்கு முன்பே தையல் டேப்பால் இரண்டு கையையும் மணிக்கட்டு, முழங்கைக்கு 10 செ.மீ. கீழே, 10 செ.மீ. மேலே என்று அளந்து எழுதிவையுங்கள். பிறகு மாதம் ஒருமுறை அளந்து, 2 செ.மீ. கூடியிருந்தால் காட்டுங்கள். சிலருக்கு இயல்பிலேயே ஒரு கை சற்றுப் பருமன், அதனால்தான் முன்னளவு இல்லாமல் எதுவும் சொல்ல முடிவதில்லை. ரவிக்கைக் கை இறுக்க ஆரம்பிப்பதும் ஒரு அறிகுறி.

ரேசர்

அக்குளை வீட்டில் மழிக்காதீர்கள். கீறலில் கிருமி புகும்.

சுடுநீர் ஒத்தடம்

அக்குளும் மேல்கையின் உட்புறமும் மரத்திருக்கும். தோல் வெந்தாலும் தெரியாது.

பத்தியம்

முட்டை, மீன், பருப்பை நிறுத்தாதீர்கள். புண் ஆறப் புரதம் வேண்டும்.

டியூப் எடுத்தபின் வரும் வீக்கம்

தோலுக்கடியில் நீர் கோத்துத் தளதளவென்று இருந்தால் எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். டாக்டர் ஊசியால் உறிஞ்சி எடுப்பார். சிலருக்கு இரண்டு மூன்று தடவை தேவைப்படும். சூடாகச் சிவந்து, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள்.

சிலிக்கான் மார்பகத்துக்கு அவசரப்படுவது

முதல் ஆறு வாரம் பஞ்சு வைத்த மெல்லிய துணி போதும். பிராவுக்குள் வைக்கும் கனமான சிலிக்கான் மார்பகம், தழும்பு நன்றாக ஆறியபின், கதிர்வீச்சு இருந்தால் அது முடிந்து தோல் தேறியபின்.