சைக்கிள் கழுவும் சாதனம்: இரும்புச் சட்டத்தின் வலிமையைச் சோதிக்கும் முறை
மதுரைப் பட்டறை ஒன்றில் சட்டத்தை வெல்டிங் செய்து வாங்கியதும், தண்ணீர்க் குழாயையும் மோட்டாரையும் பொருத்துவதற்கு முன்பே அதன் வலிமையைச் சோதித்துவிடுவது நல்லது. பழைய வகை சைக்கிள் ஏறக்குறைய 20 கிலோ இருக்கும். ஆகவே சட்டத்தில் சைக்கிளைத் தாங்கும் இரும்புக் கையில் அதைப் போல மூன்று மடங்கு எடையை ஏற்றிப் பார்க்க வேண்டும். இதற்கு 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் மூன்று போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் தராசு தேவைப்படாது.

கையின் மேலே ஒரு நூலை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு கேனைத் தொங்கவிட்ட பிறகும் நூலுக்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளியை மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். வளைவு ஒரே சீராகக் கூடினால் கவலையில்லை. எடையை இறக்கிய பிறகும் பழைய அளவு திரும்பாவிட்டால், இரும்பு தன் மீள் எல்லையை, அதாவது வளைந்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பக்கூடிய அளவை, கடந்துவிட்டது என்று பொருள். கை சட்டத்தோடு சேரும் மூலையில் முக்கோணத் தகடு ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

வெல்டிங் செய்த இணைப்பில் மண்ணெண்ணெயைத் தடவி, சற்று நேரம் கழித்துத் துடைத்துச் சாக்பீஸ் தூளைப் பூசினால், விரிசல் இருக்குமிடத்தில் ஈரக்கோடு தெரியும்.