ஆலப்புழை படகு வீடு: பெங்களூரிலிருந்து போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

பள்ளி விடுமுறை நெருங்கினாலே எங்கள் ஹலசூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஆலப்புழைக்குத் திட்டம் போட ஆரம்பித்துவிடும். தொப்பி, கொசு மருந்து எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். கோட்டை விடுவது வேறு இடத்தில்.

படகு ஏறும் நாளன்றே காரில் கிளம்புவது

எத்தனை பேரிடம் சொன்னாலும் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. கேட்கும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது. ‘ஒரு பகல், ஓர் இரவு’ என்றதும் படகு ராத்திரி முழுக்கப் போகும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். போகாது. நண்பகல் வாக்கில் ஏற்றிக்கொண்டு, மாலை ஐந்தரை சுமாருக்குக் கரையில் கட்டிவிடுவார்கள். இருட்டிய பிறகு காயல் (கடலை ஒட்டிய உப்பங்கழி) மீனவர்களுக்கு உரியது, வலை விரித்திருப்பார்கள். நடுவில் சாப்பாட்டுக்கும் நிறுத்துவதால், அன்றைக்குப் படகு ஓடுவது நாலைந்து மணி நேரம்தான். மறுநாள் காலையில் கொஞ்ச தூரம், அவ்வளவே.

ஓசூர், சேலம், கோவை, பாலக்காடு வழியாக ஏறக்குறைய 600 கிலோமீட்டர். விடிகாலை 4 மணிக்குப் புறப்பட்டாலும் கேரள எல்லையிலுள்ள வாளையாரைத் தாண்டும்போதே மதியமாகிவிடும். எங்கள் அடுக்ககத்துக் குடும்பம் ஒன்று அப்படித்தான் நாலரை மணிக்குப் படித்துறைக்குப் போய்ச் சேர்ந்தது. முழு வாடகையும் முன்பே கட்டியாயிற்று. அவர்களோடு போன பாட்டி தஞ்சாவூர்க்காரர். கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிற குட்டநாட்டைப் பார்க்கவேண்டும் என்றுதான் அந்த வயதில் அத்தனை தூரம் உட்கார்ந்து வந்தார். வயல் பக்கம் போவதற்குள் படகைக் கட்டிவிட்டார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முந்தின நாளே போய் ஒரு சாதாரண லாட்ஜில் தங்குங்கள். இல்லையென்றால் காலையில் சேர்கிற இரவு பஸ்ஸைப் பிடியுங்கள். எத்தனை மணிக்கு ஏறலாம், எங்கே, எப்போது கட்டுவீர்கள், எந்த வழியாகப் போகும்: இதையெல்லாம் கேட்ட பிறகு முன்பணம் கொடுங்கள்.

பெரிய படகில் சின்ன வாய்க்காலைத் தேடுவது

படகு வீடு அகன்ற ஆற்றிலும் வேம்பநாட்டுக் காயலிலும்தான் போகும். வீட்டு வாசல்களை ஒட்டிப் போகிற வாய்க்கால் வேண்டுமென்றால் ஷிகாராவோ (கூரை போட்ட சின்னப் படகு) துடுப்பு வள்ளமோ எடுக்க வேண்டும். செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு, கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறை ஆலப்புழைக்கும் கோட்டயத்துக்கும் இடையே விடும் பயணிகள் படகு இருக்கிறது. ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து போகலாம். முதல்முறை போகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

ஏசி

பல படகுகளில் இரவு மட்டும்தான். கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தைக்குப் பெரியவர்களின் உயிர்காப்பு ஜாக்கெட்

தண்ணீரில் விழுந்தால் அது தலை வழியாகக் கழன்றுவிடும். குழந்தை அளவில் இல்லையா, அந்தப் படகில் ஏறாதீர்கள்.